நெல் நோய்க் கிருமியின் சமிக்ஞை: அளந்தறிந்த வரலாறு

காவிரிப் படுகையில் சம்பாவும் தாளடியும் தூர்கட்டி நிற்கும் நாட்களில் வடகிழக்குப் பருவமழை காற்றோடு அடித்தால் இலைகள் உரசிக் காயப்படும். அந்தக் காயங்கள் வழியாகவும் இலையோர நீர்த்துளைகள் வழியாகவும் புகும் சாந்தோமோனாஸ் ஒரைசே என்ற பாக்டீரியா, இலைக்கருகல் நோயை உண்டாக்குகிறது. 1884இல் ஜப்பானின் ஃபுகுவோகா பகுதி உழவர்கள் இந்நோயைக் கவனித்தனர். 1963இல் பீகாரில் இது பெருவாரியாகப் பரவியது. தழைச்சத்து மிஞ்சிய பயிரில் இதன் வேகம் அதிகம்.

நோயை உறுதிசெய்ய எளிய சோதனை ஒன்று உண்டு. கருகத் தொடங்கிய இலையை வெட்டி, வெட்டுவாய் தெளிந்த நீரில் படும்படி கண்ணாடித் தம்ளரில் வைத்தால், சில நிமிடங்களில் கலங்கலான கசிவு இழையாக இறங்கும். கிருமி இருப்பதை இது காட்டும். கிருமிகள் எப்போது ஒன்றுசேர்ந்து தாக்குகின்றன என்பதைக் காட்டாது.

அந்தக் கேள்விக்கு வழி திறந்தது கடல் பாக்டீரியா. கூட்டம் பெருகிய பிறகே விப்ரியோ என்ற அந்தப் பாக்டீரியா ஒளிர்கிறது என்றும், அது வெளியிடும் பொருளே அதைத் தூண்டுகிறது என்றும் 1970இல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் காட்டினர். 1981இல் அப்பொருள் அசைல் ஹோமோசெரின் லாக்டோன் வகை எனத் தெரிந்தது. 1994இல் இந்த ஏற்பாட்டுக்குக் குவோரம் சென்சிங் என்று பெயரிடப்பட்டது.

மிகச் சிறு அளவில் சுரக்கும், சமிக்ஞையாகிய இப்பொருளை அளக்க இன்னொரு பாக்டீரியாவே கருவியாயிற்று. 1997இல் அறிமுகமான சிவி026 என்ற குரோமோபாக்டீரியம் வகை, தன் சமிக்ஞையைத் தானே உண்டாக்க இயலாதது; வெளியிலிருந்து கிடைத்தால் ஊதா நிறம் கொள்ளும். அதைப் பரப்பிய அகார் தட்டில் குழி வெட்டி, சோதிக்கும் கிருமியின் வளர்ப்பு நீரிலிருந்து பிரித்த சாற்றை ஊற்றினால், சமிக்ஞை பரவிய தூரம்வரை ஊதா வளையம் படரும். தெரிந்த அளவுகள் தரும் வளையங்களோடு ஒப்பிட்டால் சாற்றிலுள்ள அளவை மதிப்பிடலாம். அதே ஆண்டில் மென்படல நிறப்பிரிகைத் தகட்டின்மேல் அக்ரோபாக்டீரியத்தைப் பரப்பி, கலவையிலுள்ள சமிக்ஞைகளைத் தனித்தனிப் புள்ளிகளாகக் காணும் முறையும் வந்தது.

கருவிப் பாக்டீரியா, தனக்குரிய சமிக்ஞையை மட்டுமே உணரும். இலைக்கருகல் கிருமியின் சமிக்ஞையோ கொழுப்பமில வகை. சிவி026 அதை அறியாது. இவ்வகைச் சமிக்ஞை, சாந்தோமோனாஸ் இனத்தின் மற்றொரு கிருமியில் இருப்பதை 1997இல் இங்கிலாந்தின் நாரிச் ஆய்வாளர்கள் காட்டினர். அது டிஎஸ்எஃப் எனப்பட்டது. அதை உண்டாக்கும் ஆர்பிஎஃப்எஃப் மரபணுவை இழந்த இலைக்கருகல் கிருமியின் நோயூட்டும் திறன் குறைந்துவிடுவதை 2002இல் ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் சாட்டர்ஜியும் சோந்தியும் நிறுவினர். 2004இல் டிஎஸ்எஃப்பின் வேதியமைப்பு தெளிவாயிற்று. நெல் கிருமி ஒன்றல்ல, மூன்று டிஎஸ்எஃப் வகைச் சமிக்ஞைகளைச் சுரக்கிறது என்று 2010இல் வெளியான ஆய்வு காட்டியது.

இப்போது வளர்ப்பு நீரிலிருந்து எத்தில் அசிடேட்டால் சாறு பிரித்து, அச்சமிக்ஞையை உணரும் கருவிப் பாக்டீரியாவில் அதன் செயல்திறனைச் சோதித்து, திரவ நிறப்பிரிகையோடு இணைந்த நிறை நிறமாலைமானியில் மூலக்கூறை அடையாளம் கண்டு அளக்கிறார்கள். உயிர்க்கருவி சமிக்ஞை செயல்படுகிறதா என்பதைச் சொல்லும். நிறமாலைமானி அது எது, எவ்வளவு என்பதைச் சொல்லும். இவ்விரண்டு அளவுகளும் சேர்ந்தால்தான், கிருமியைக் கொல்லாமல் அதன் சமிக்ஞையைத் தடுத்தே நோயைக் குறைக்க முயலும் மருந்துகளை மதிப்பிட முடியும்.