சாலையில் சென்ற வீடும் அது நின்ற இடமும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கோடை விடுமுறைக்குப் பள்ளிகள் மூடியதும் நெடுஞ்சாலைகளில் பெருகும் வாகனங்களுள் மோட்டார் ஹோம் எனப்படும் வீட்டுவண்டி எளிதில் கண்ணில் படுவது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை ஆகியவற்றை ஒரே கூட்டுக்குள் அடக்கிய அவ்வண்டியில் ஒரு குடும்பம் வாரக்கணக்கில் பயணம் செய்து, வெளியூரில் வாழும் உறவினரைக் கண்டு, வழியில் உள்ள மலை, ஏரி, குகை, பொருட்காட்சி ஆகியவற்றையும் பார்த்துத் திரும்புகிறது. இவ்வழக்கத்தின் வரலாற்றைப் பெரும்பாலும் வண்டிகளின் வரலாறாகவே எழுதுவர். எந்த ஆண்டில் எந்த நிறுவனம் எந்த மாதிரியை வெளியிட்டது என்பதே அவற்றின் சாரம். ஆயினும் தன்னிறைவின் சின்னமாக விளம்பரப்படுத்தப்பட்ட இவ்வண்டி எக்காலத்திலும் பிறர் அமைத்த சாலையையும், பிறர் பராமரித்த திடலையும், பிறர் வீட்டுக் குழாயையும் நம்பியே ஓடியது என்பதால், அது நின்ற இடங்களின் வரலாற்றைத் தவிர்த்து வண்டியின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இயலாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மேற்கு நோக்கிச் சென்ற குடியேறிகளின் துணிக்கூரை வண்டிகளை மோட்டார் ஹோமின் மூதாதையாகக் காட்டுவது விற்பனையாளரின் வழக்கம். அவ்வண்டிகள் மாவும் பன்றி இறைச்சியும் கலப்பையும் ஏற்றிய சரக்கு வண்டிகள். ஆரிகன் தடத்தில் சென்றவர்களில் பெரும்பாலோர் அவற்றின் அருகே நடந்தே சென்றனர். இன்பச் சுற்றுலாவுக்கென வீட்டை வண்டியில் ஏற்றும் எண்ணம் மோட்டார் வாகனத்தோடு வந்தது, அதுவும் முதலில் செல்வந்தரிடையே. 1910இல் பியர்ஸ்-ஆரோ நிறுவனம் நியூயார்க் நகரின் மேடிசன் சதுக்கக் காட்சியரங்கில் வைத்த டூரிங் லாண்டோ என்னும் காரில் பின்னிருக்கை படுக்கையாக விரிந்தது, கைகழுவும் தொட்டி இருந்தது, பயணி ஓட்டுநருக்கு ஆணையிடத் தொலைபேசியும் இருந்தது. 1915 கோடையில் மோட்டார்ப் பேருந்துத் தொழிலில் ஈடுபட்டிருந்த ரோலண்ட் காங்க்ளின் தம் குடும்பத்தோடு நியூயார்க் மாநிலத்திலிருந்து சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சிக்குச் சென்றபோது, சமையலறையும் உறங்கும் தட்டுகளும் கூரைமேல் தோட்டமும் கொண்ட ஒரு பெரும்பேருந்தைத் தமக்கெனக் கட்டிக்கொண்டார். செய்தித்தாள்கள் அப்பயணத்தை ஆர்வத்தோடு தொடர்ந்தன. ஆனால் அத்தகைய பேருந்தைத் தாங்கக்கூடிய சாலை அன்று நாட்டில் அரிது.

சாலை இல்லாத குறையை அரசே நீக்கியது. 1916இல் நிறைவேறிய கூட்டாட்சிச் சாலை உதவிச் சட்டம் மாநிலங்களின் சாலைப் பணிக்கு மைய அரசின் நிதியைத் திறந்துவிட்டது. 1921இல் வந்த அடுத்த சட்டம் அந்நிதியை ஒன்றோடொன்று இணையும் பெருவழிகளுக்கு ஒதுக்கியது. 1926இல் அவ்வழிகள் நாடு முழுவதும் எண்ணிடப்பட்டன. இதே காலத்தில் ஃபோர்டு நிறுவனத்தின் மாடல் டி காரின் விலை, 1908இல் 850 டாலராக இருந்தது, 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. காரில் சுற்றும் வழக்கம் பெருகியதற்கான மூன்றாவது காரணம் அத்தனை பேசப்படுவதில்லை. 1920ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில்தான் அந்நாட்டில் நகரவாசிகளின் எண்ணிக்கை முதன்முறையாக நாட்டுப்புறத்தாரின் எண்ணிக்கையைத் தாண்டியது. அதாவது, தொழிற்சாலைக்கும் அலுவலகத்துக்கும் நகரம் புகுந்த ஒரு தலைமுறையின் பெற்றோரும் உடன்பிறந்தாரும் இன்னும் பண்ணைகளிலேயே இருந்தனர். கோடையில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பாட்டி தாத்தாவின் பண்ணைக்குச் செல்வதும், போகும் வழியில் ஒரு நீர்வீழ்ச்சியைப் பார்ப்பதும் ஒரே பயணமாயின. ரயில் இவ்விரண்டையும் இணைக்கவில்லை. அது அட்டவணைப்படி ஓடியது, பண்ணை வாசலில் நிற்கவில்லை, குடும்பத்தின் ஒவ்வொருவருக்கும் தனித்தனிச் சீட்டுக் கேட்டது.

ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் உற்பத்தியாளர் ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கை எழுத்தாளர் ஜான் பரோஸ் ஆகியோர் நாடோடிகள் என்று தம்மை அழைத்துக்கொண்டு 1910களின் நடுவிலிருந்து பல கோடைகளில் மேற்கொண்ட முகாம் பயணங்கள் இவ்வழக்கத்துக்குப் பெரும் விளம்பரமாக அமைந்தன. 1921இல் குடியரசுத் தலைவர் ஹார்டிங்கும் அவர்களோடு முகாமில் தங்கினார். காரும் டயரும் விற்பவர்கள் காட்டுக்குச் சென்று எளிமையைப் போற்றிய அக்காட்சியில், படம்பிடிப்பவரும் சமையற்காரரும் சமையல் லாரியும் பின்தொடர்ந்தனர் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எளிய மக்களின் இயக்கம் வேறு வகையில் எழுந்தது. 1919இல் புளோரிடா மாநிலத்தின் டாம்பா நகரிலுள்ள டி சோட்டோ பூங்காவில் கூடிய காரோட்டிகள் டின் கேன் டூரிஸ்ட்ஸ், அதாவது தகரடப்பாப் பயணிகள், என்ற சங்கத்தை அமைத்தனர். டப்பா உணவை உண்டு பயணம் செய்வோர் என்பதைக் காட்டும் வகையில் காரின் ரேடியேட்டர் மூடிமேல் ஒரு தகரடப்பாவைப் பற்றவைப்பது அவர்களின் அடையாளம். இவர்களை வரவேற்க ஊர்கள் போட்டியிட்டன. பயணி ஓரிரவு தங்கினால் கடைத்தெருவில் செலவழிப்பார் என்ற கணக்கில், நகராட்சிகள் இலவச மோட்டார் முகாம்களைத் திறந்து, தண்ணீர், விறகு, கழிப்பறை, சில இடங்களில் சலவைத் தொட்டியும் அடுப்பும் அளித்தன. பழைய குதிரைப் பந்தயத் திடலொன்றில் டென்வர் நகரம் அமைத்த ஓவர்லாந்து பூங்கா முகாம் அவற்றுள் புகழ்பெற்றது. சில ஆண்டுகளில் இவ்விருந்தோம்பல் கசந்தது. கையில் காசில்லாமல் வேலை தேடி அலையும் குடும்பங்களும் பழங்கார்களில் அங்கு வந்து தங்கத் தொடங்கியபோது, 1920களின் நடுவில் ஊர்கள் ஓரிரவுக்கு 25 அல்லது 50 சென்ட் கட்டணம் விதித்தன, தங்கும் நாட்களுக்கு வரம்பிட்டன. தொகை சிறியதுதான், ஆனால் அதன் நோக்கம் வருவாயை ஈட்டுவதைவிட ஆட்களைப் பிரிப்பதாகவே இருந்தது. சுற்றுலாப் பயணி யார், நாடோடி யார் என்று வண்டியைப் பார்த்துச் சொல்ல முடியாத நிலையில் அந்த நாணயமே பிரித்துக் காட்டியது. கட்டணம் வாங்கலாம் என்று ஆனவுடன் தனியாரும் இத்தொழிலில் இறங்கினர், முகாம்களில் சிற்றறைகள் எழுந்தன, அவையே பின்னாளில் மோட்டல்களாக வளர்ந்தன.

கறுப்பினக் குடும்பங்களுக்கு இந்நாணயமும் உதவவில்லை. தெற்கிலிருந்து வடபுலத் தொழில் நகரங்களுக்குப் பெயர்ந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு, கோடையில் சொந்த ஊருக்குச் சென்று மூத்தோரைக் காண்பதே முதன்மையான பயணம். அவ்வழியில் எந்த விடுதி இடமளிக்கும், எந்தக் கடையில் பெட்ரோல் கிடைக்கும், எவ்வூரில் இருட்டியபின் நிற்கக்கூடாது என்பதை அறியாமல் புறப்படுவது ஆபத்தாக இருந்தது. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த அஞ்சல்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இல் வெளியிடத் தொடங்கிய பயணக் கையேடு, பச்சைப் புத்தகம் என்று அறியப்பட்டு, 1960கள் வரை இத்தேவையை நிறைவேற்றியது. மைய அரசின் பூங்காக்களும் விலக்கல்ல. வர்ஜீனியா மாநிலத்தின் ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் லூயிஸ் மலை என்னும் முகாம் 1939 முதல் கறுப்பினத்தார்க்கெனத் தனியே ஒதுக்கப்பட்டு, அப்பாகுபாடு 1950 அளவிலேயே முற்றும் நீங்கியது. அந்நாளில் தம் வண்டியிலேயே உறங்கிச் சமைத்து உண்ண முடிந்தவர்க்கு அது வெறும் இன்பமாக அன்றிப் பாதுகாப்பாகவும் இருந்திருக்கும் என்பது வெளிப்படை.

முகாம் திடலுக்கு இன்றுள்ள வடிவத்தைக் கொடுத்தவர் வண்டி வடிவமைப்பாளர் எவரும் அல்லர், எமிலியோ மைனெக்கி என்ற தாவர நோயியல் அறிஞர். கலிபோர்னியாவின் செம்மரக் காடுகளில் பயணிகள் விருப்பம்போல் கார்களை மரத்தடிக்கே ஓட்டிச் சென்றதால் மண் இறுகி வேர்கள் நலிவதை 1920களின் இறுதியில் ஆராய்ந்த அவர், 1932இல் ஒரு திட்டத்தை முன்வைத்தார். அதன்படி, ஒருவழிப் பாதை வளையமாகச் செல்லும். அதிலிருந்து சாய்வாகப் பிரியும் குறுங்கிளை ஒவ்வொன்றும் ஒரு வண்டி நிற்கும் இடம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு மேசை, ஓர் அடுப்பு, ஒரு கூடாரத் தளம். வண்டி வழிதவறி வேர்மேல் ஏறாதபடி பெரும்பாறைகளும் மரக்கட்டைகளும் மண்ணில் பதிக்கப்படும். பொருளாதாரப் பெருமந்தத்தின்போது வேலையற்ற இளைஞர்களுக்கென 1933இல் தொடங்கப்பட்ட குடிமைப் பாதுகாப்புப் படை 1942 வரை நாடெங்கும் இவ்வமைப்பிலேயே திடல்களைக் கட்டியது. மரத்தைக் காக்க வகுத்த முறை இவ்வாறு மனிதர்களின் விடுமுறையை எண்ணிட்ட மனைகளாகப் பிரித்துவிட்டது.

அதே பத்தாண்டில் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிரெய்லர் வீடுகள் பெருகின. டெட்ராய்ட் நகரைச் சேர்ந்த நுண்ணுயிரியல் அறிஞர் ஆர்தர் ஷெர்மன், விலைக்கு வாங்கிய மடிப்புக் கூடார வண்டி மழையில் குடும்பத்தைக் காக்கத் தவறியதால், 1929இல் கெட்டிச் சுவர் கொண்ட பெட்டியொன்றைத் தச்சரிடம் செய்வித்தார். அதைப் பார்த்தவர்கள் கேட்கவே அது தொழிலாயிற்று, 1936க்குள் அவருடைய கவர்டு வேகன் நிறுவனம் அத்துறையில் முதலிடம் பெற்றது. அவ்வாண்டிலேயே வாலி பயம் என்பவர் விமானத்தின் உடலைப்போல் அலுமினியத் தகடுகளைத் தறையாணிகளால் இணைத்த ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பரை வெளியிட்டார். இருபது ஆண்டுகளில் நாட்டில் பாதிப்பேர் டிரெய்லர்களில் வாழ்வர் என்று பொருளாதார ஆருடம் கூறும் ரோஜர் பாப்சன் அறிவித்தார். அது நடக்கவில்லை, இரண்டாம் உலகப் போரினால் 1942இல் டயரும் பெட்ரோலும் பங்கீட்டுக்கு உட்பட்டபின் டிரெய்லர்கள் போர்த் தொழிற்சாலைகளின் அருகே தொழிலாளர் குடியிருப்புகளாக அசையாமல் நின்றன.

இப்பயணிகள் வழியில் நின்று பார்த்த நாட்டுப்புறக் காட்சியிடங்கள் தாமாக அமைந்தவை என்று கருதுவது தவறு. அவற்றுள் பல காரோட்டியை நிறுத்துவதற்கென்றே உருவாக்கப்பட்டவை. தெற்கு டகோட்டா மாநிலத்தின் ரஷ்மோர் மலையில் 1927 முதல் 1941 வரை நான்கு குடியரசுத் தலைவர்களின் முகங்கள் செதுக்கப்பட்டன. மலையில் சிலை செதுக்கும் யோசனையை முதலில் எழுப்பிய அம்மாநில வரலாற்றாளர் டோன் ராபின்சனின் நோக்கம் சுற்றுலாப் பயணிகளை ஈர்ப்பதே. அங்குச் செல்லும் வழியில் வால் என்ற சிற்றூரில் 1931இல் மருந்துக்கடை வாங்கிய ஹஸ்டெட் தம்பதியர் வியாபாரமின்றி வாடி, 1936 கோடையில் இலவசமாகப் பனிக்கட்டி நீர் தருவதாகச் சாலையோரம் பலகைகள் நட்டனர். வெயிலில் புழுதி பறக்க வந்தவர்கள் திரளாக நின்றனர். கடை வளர்ந்து இன்று ஊரே அதைச் சுற்றி வாழ்கிறது. டென்னசி எல்லையருகே 1932இல் திறந்த ராக் சிட்டி தோட்டத்தின் பெயரைப் பண்ணையாரின் தானியக் கொட்டகைக் கூரைகளில் எழுதினர். இடத்துக்கு ஈடாகக் கொட்டகைக்குப் புதிதாகச் சாயம் பூசிக் கொடுத்தனர். இவ்வகை விளம்பரங்களின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்தவே 1965இல் நெடுஞ்சாலை அழகுபடுத்தும் சட்டம் இயற்றப்பட்டது.

எஞ்சினும் வீடும் ஒரே வண்டியாக இணைந்து சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டியது போருக்குப் பிந்தைய கதை. மிச்சிகன் மாநிலத்தின் பிரவுன் சிட்டியில் ரே ஃபிராங்க் 1958இல் தம் குடும்பத்தின் விடுமுறைக்காக ஒரு வண்டியைக் கட்டி அதற்கு மோட்டார் ஹோம் என்று பெயரிட்டார். பின்னர் டாட்ஜ் அடிச்சட்டத்தின்மேல் அதை விற்பனைக்கும் செய்தார். விலையை உடைத்தது அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூர். பண்ணை வேலை குறைந்து இளைஞர்கள் வெளியேறிய அவ்வூருக்குத் தொழில் வேண்டும் என்று முனைந்த ஜான் ஹான்சனின் வின்னிபேகோ நிறுவனம் 1966இல் தொடர் உற்பத்தி முறையில் மோட்டார் ஹோம்களை வெளிக்கொணர்ந்து, போட்டியாளர் விலையில் ஏறக்குறைய பாதிக்கு விற்றது. 1956இல் சட்டமாகி, 41,000 மைல் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டு, செலவில் 90 விழுக்காட்டை மைய அரசு ஏற்ற மாநிலங்களிடை நெடுஞ்சாலைகள் அப்போது ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துகொண்டிருந்தன. 1962இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் நகரில், சியாட்டில் உலகப் பொருட்காட்சிக்குச் செல்லும் பயணிகளைக் கண்ட டேவ் டிரம் தொடங்கிய கே.ஓ.ஏ. முகாம் சில ஆண்டுகளில் உரிமம் பெற்ற கிளைகளாக நாடெங்கும் பரவியது. ஹூக்-அப் எனப்படும் இணைப்புக் கம்பம், அதாவது மின்சாரம், குடிநீர், கழிவுநீர் ஆகிய மூன்றையும் வண்டியோடு பொருத்தும் வசதி, இத்தகைய முகாம்களின் உயிர்நாடி. அது இல்லாத இடத்தில் வண்டியின் தொட்டிகள் சில நாட்களில் நிரம்பியோ வற்றியோ போகும்.

உறவினர் வீடு இத்தங்குமிட வலையின் கட்டணமில்லாத கண்ணியாக விளங்கியது. புறநகர் வீடுகளின் முன்னே கார் நிறுத்த அமைந்த சிமெண்டுத் தளமான டிரைவ்வேயில் மோட்டார் ஹோமை நிறுத்தி, தோட்டக் குழாயிலிருந்து நீரும் வெளிச்சுவர் மின்செருகியிலிருந்து மின்சாரமும் பெற்றுக்கொண்டால், விருந்தினர் பகலில் குடும்பத்தோடு உண்டு பேசி, இரவில் தம் படுக்கைக்குத் திரும்பலாம். விருந்தளிப்போரின் படுக்கையறையையோ குளியலறையையோ அவர்கள் பங்குபோட வேண்டியதில்லை. தனியறை வாழ்க்கை பழகிய சமூகத்தில் நெருங்கிய உறவோடு நீண்ட நாள் தங்க வழிசெய்தது இந்த இடைவெளியே என்று கருத இடமுண்டு. எனினும் பல நகராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் டிரைவ்வேயில் வண்டி நிற்கும் நாட்களுக்கு வரம்பு விதித்தன. அண்டைவீட்டாரின் கண்ணுக்கு அது விருந்தினர் வண்டியாக அன்றி, தெருவின் மதிப்பைக் குறைக்கும் பொருளாகவே தெரிந்தது.

1973 அக்டோபரில் அரபு நாடுகள் விதித்த எண்ணெய்த் தடை இத்தொழிலைக் கடுமையாகத் தாக்கியது. முன்சக்கர இயக்கத்தோடு அவ்வாண்டு மாதிரியாக வெளிவந்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோம் 1978இல் நிறுத்தப்பட்டது; சிறு உற்பத்தியாளர் பலர் மறைந்தனர். ஆனால் பெட்ரோல் விலை தணிந்தபோதெல்லாம் வண்டிகள் மீண்டும் வந்தன, ஒவ்வொரு முறையும் முன்பைவிட நீண்டு, பக்கவாட்டில் விரியும் அறைகளோடு 40 அடிக்கும் மேலாக வளர்ந்தன. 1930களின் காருக்கும் சிறு டிரெய்லருக்கும் ஏற்ப மைனெக்கியின் வழியில் வளைந்த பாதைகள் கொண்ட தேசியப் பூங்காத் திடல்கள் பலவற்றில் இத்தகைய வண்டி திரும்பவே முடியாது. ஆகவே அங்குள்ள மனைகள் இன்றும் அடிக்கணக்கில் நீள வரம்போடுதான் முன்பதிவுக்கு வருகின்றன, பெரிய வண்டிக்காரர் பூங்கா வாயிலுக்கு வெளியே தனியார் முகாமில் இடம்பிடித்து, பின்னால் இழுத்துவந்த காரைக் கழற்றி உள்ளே ஓட்டிச் செல்கின்றனர்.