ஒரே கிணறு, இரண்டு வீடு



"சேர், மகன்ட லெப்டொப்பில வீடியோ இழுத்து இழுத்துப் போகுது. சங்கிலிய அடகு வெச்சு புதுசு வாங்கட்டா?" என்று ஓர் உம்மா கேட்டார். வேண்டாம் என்றேன். அதற்குப் பின்னால் ஒரு சின்ன வரலாறு உண்டு.

1998இல் இன்டெல் ஐ740 என்ற தனி கிராபிக்ஸ் சிப்பை விட்டது. சந்தையில் எடுபடவில்லை. 1999இல் 810 சிப்செட்டுக்குள்ளேயே கிராபிக்ஸைச் சேர்த்தது. மலிவுக் கணினிகளுக்கு அது வழி திறந்தது. ஆனால் கிராபிக்ஸ், கணினியின் ரெம்மிலேயே பங்கு கேட்டது. 2011இல் சாண்டி பிரிட்ஜில் புரொசசரின் அதே சில்லுக்குள் குடியேறியது. அந்தப் பங்கு இன்றும் தொடர்கிறது.

ஒரே கிணற்றில் இரண்டு வீடு அள்ளுகிறது. ஒரு ரெம் என்றால் ஒரு துலா. இரண்டு என்றால் இரண்டு துலா.

அந்த லெப்டொப்பில் 4 ஜிபி ரெம் ஒன்றுதான்; பக்கத்து ஸ்லொட் காலி. அதேபோல இன்னொன்று போட்டோம், விசிறியின் தூசியைத் தட்டினோம். இப்போது வீடியோ ஓடுகிறது. சங்கிலி கழுத்தில் இருக்கிறது.

முதலில் பார்க்க வேண்டியவை: சார்ஜர், பவர் மோட், கிராபிக்ஸ் டிரைவர், சூடு. பிறகு ரெம். அடகுக் கடை கடைசியில்.