ஈவ்னிங் பிரிம்ரோஸ் எண்ணெய்

ஓனோத்தெரா பையென்னிஸ் என்னும் செடியின் விதையெண்ணெய். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் வரும் மார்பு வலிக்கென்று எண்ணெய் அடைத்த குளிகைகளாக விற்கப்படுகிறது.

தாயகம் வட அமெரிக்கா. ஈராண்டுச் செடி, முதலாண்டில் தரையோடு ஒட்டிய இலைவட்டம் மட்டும், மறு ஆண்டில் ஆளுயரத் தண்டு. மஞ்சள் பூக்கள் அந்தியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரியும். விட்டில்கள் தேடி வரும். மறுநாள் வெயிலேறினால் வாடிவிடும். நம் அந்திமந்தாரைக்கும் இதே பழக்கம் உண்டு, ஆனால் உறவில்லை. வயலோர நீர்க்கிராம்புதான் இதன் குடும்பத்தைச் சேர்ந்தது. வட அமெரிக்கப் பழங்குடியினரான ஓஜிப்வே மக்கள் செடியை ஊறவைத்து, கன்றிய இடத்தில் பற்றுப் போட்டனர். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா சென்றது; ஜெர்மானியர் வேரைக் காய்கறியாகச் சமைத்தனர். இதன் உடன்பிறப்பான இன்னொரு ஓனோத்தெராவை 1886இல் நெதர்லாந்தின் ஹில்வர்சம் அருகே கண்டுதான் தாவரவியலாளர் ஹியூகோ டி விரீஸ் தம் திடீர்மாற்றக் கொள்கையை உருவாக்கினார். தாவரவியலில் இச்செடியின் இனத்துக்குள்ள பெருமை அது. மருந்துக்கடையில் யாருக்கும் தெரிவதில்லை.

எண்ணெயில் ஏறத்தாழ 9 விழுக்காடு காமா லினோலெனிக் அமிலம். மார்பு வலியுள்ள பெண்களின் இரத்தத்தில் இதன் வழிப்பொருட்கள் குறைவு, அதனால் மார்புத் திசு ஹார்மோனுக்கு மிகையாகக் கூசுகிறது என்பது கருதுகோள். மருத்துவ ஆய்வாளர் டேவிட் ஹாரோபின் இதை ஊக்கத்தோடு பரப்பினார். பிரிட்டனின் கார்டிஃப் நகர மருத்துவர்கள் 1980களில் நல்ல பலன் கண்டதாக எழுதினர். பெண்களின் வலியை மனப்பிரமை என்று ஒதுக்கிவந்த காலத்தில் அதை நோயாக மதித்து அளந்ததே அவர்களின் பெரிய தொண்டு.

ஆனால் எண்ணெய்க்குச் சான்று நிலைக்கவில்லை. நெதர்லாந்தில் 120 பெண்களிடம் நடந்து 2002இல் வெளியான ஆய்வில், வலி நாட்கள் இவ்வெண்ணெயால் 12.3 விழுக்காடும் ஒப்பீட்டு எண்ணெயால் 13.8 விழுக்காடும் குறைந்தன. அதே ஆண்டு பிரிட்டன் இதன் மருந்து உரிமத்தை விலக்கிக்கொண்டது. 555 பெண்களிடம் நடந்த 2005 ஆய்விலும் மருந்துப்போலியை இது மிஞ்சவில்லை. அவ்வாய்வை நடத்தியவர்களுள் கார்டிஃப் குழுவின் மான்செலும் ஒருவர். தாம் நம்பியதைத் தாமே சோதித்து முடிவை அப்படியே வெளியிட்டது போற்றத்தக்கது. மாதாமாதம் வந்து போகும் வலி பலருக்குத் தானே தணிவதால், உண்டவர்களுக்குக் குணமானதாகத் தோன்றியிருக்கலாம். இவ்வெண்ணெய் புற்றுநோயைத் தடுக்கும் என்பதற்கும் ஆதாரமில்லை.

வயிற்று உபாதை, தலைவலி வரலாம். இந்தியாவில் இன்றும் சீட்டின்றிக் கிடைக்கிறது. மருத்துவர்களும் எழுதித் தருகின்றனர்.