சிறு தேரும் சிறு உழவுயந்திரமும்

சங்க நூலாகிய பெரும்பாணாற்றுப்படையிலே இனிய காட்சி ஒன்று உண்டு. பழைய நெற்கூடுகள் உயர்ந்து நிற்கும் உழவர் ஊர். அங்கே சிறுவர்கள் தச்சர் கைத்திறத்தால் அமைந்த தேரொன்றை உருட்டி விளையாடுகின்றனர். ஏறிச் செலுத்த முடியாத தேர். உருட்டி மகிழ்வதற்கே ஆன தேர். உருட்டிக் களைத்தபின் பால் அருந்தி உறங்கிவிடுகின்றனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் உழவர் வீட்டு முற்றத்தில் உருண்ட அச்சிறு தேரின் உறவினத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம். உழவுக்குரிய கருவிகளையும் இயந்திரங்களையும் அளவு பிசகாது சிற்றுருவில் செய்தலும், செய்தவற்றைச் சேர்த்து வைத்தலும் மேலைநாடுகளில் முதியோரும் கைக்கொள்ளும் பொழுதுபோக்காகும். அதன் வரலாறு நம் மட்டக்களப்பு வாவிக் கரைக்கு யாது சொல்கிறது என்பதே நம் ஆராய்ச்சி.

விளையாட்டுப் பொருளுக்கும் மாதிரியுருவுக்கும் வேற்றுமை உண்டு. தேர் போலத் தோன்றினால் விளையாட்டுப் பொருள் போதும். மாதிரியுருவோ மூலப்பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே வீதத்தில் குறுக்கிக் காட்ட வேண்டும். பதினாறில் ஒரு பங்கு என்றால் சில்லும் அச்சும் ஆணியும் எல்லாமே பதினாறில் ஒரு பங்கு. அங்ஙனம் செய்தால், மூலப்பொருள் அழிந்தாலும் சிற்றுருவை அளந்து அதனை மீண்டும் ஆக்கலாம்.

இது வெறுங் கற்பனையன்று. இந்தியாவின் ஹரியானா மாநிலத்திலுள்ள பாணாவளியில், சிந்துவெளி நாகரிக காலத்துச் சுட்ட மண் கலப்பை ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலத்தை உழுத மரக்கலப்பைகள் யாவும் மண்ணோடு மண்ணாயின. சிறு மண்ணுருவம் ஒன்று எஞ்சி, அக்காலத்துக் கலப்பையின் வளைவையும் வடிவையும் நமக்குக் காட்டுகிறது. அதற்கு அண்மைக் காலத்ததே எகிப்து நாட்டு மெக்கெற்றே என்னும் அதிகாரியின் கல்லறை. திருடர் முன்னரே புகுந்து கொள்ளையிட்ட அக்கல்லறையில், அவர்கள் கண்ணுக்குத் தப்பிய சிற்றறை ஒன்றினை 1920ஆம் ஆண்டில் வின்லொக் என்னும் ஆய்வாளரின் குழுவினர் கண்டனர். அதனுள்ளே மரத்தாலான மாட்டுக் கொட்டில், நெசவுச்சாலை, படகுகள், களஞ்சியம். களஞ்சியத்தில் ஆட்கள் தானியத்தைக் கொட்ட, கணக்கெழுதுவோர் ஒரு பக்கம் அமர்ந்திருக்கின்றனர். நம் போடியார் வீட்டு முற்றத்தைக் கண்டவர் எவரும் அதனை உடனே இனங்கண்டு கொள்வர்!

பிற்காலத்தே சட்டமும் சிற்றுருவைக் கேட்டது. அமெரிக்காவில் புதுக்கருவி கண்டவர் தம் உரிமையைப் பதிவு செய்ய விரும்பின், 1880 வரை பெரும்பாலும் அதன் மாதிரியுருவையும் ஒப்படைக்க வேண்டியிருந்தது. கலப்பைகளும் அறுவடைப் பொறிகளும் விதைப்புக் கருவிகளும் ஓரடிக்குள் அடங்கும் சிற்றுருவங்களாய் அங்கே குவிந்தன. 1836 டிசம்பரில் அவ்வலுவலகம் தீப்பற்றியபோது ஏறக்குறைய 7,000 உருவங்கள் சாம்பலாயின.

இனி, இப்பொழுதுபோக்கின் இன்றைய வடிவம் பிறந்த கதையைச் சற்று விரித்துக் கூறுவோம். 1945ஆம் ஆண்டு, அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டுபியூக் நகர். வார்ப்புத் தொழிலாளியான பிரெட் ஏட்டல் வேலையின்றி இருந்தார். கைத்தொழில் இருக்கக் கவலை ஏன்? வீட்டு நிலவறையிலே, போரில் மிஞ்சிய விமானங்களின் அலுமினிய உறுப்புக்களை உருக்கி, மணல் அச்சில் ஊற்றிச் சிறு உழவுயந்திரங்களை வார்த்தார். குடும்பத்தாரே கூடிப் பொருத்தினர். வானில் குண்டு சுமந்த உலோகம் குழந்தையின் கையில் ஏர் பூட்டியது என்று நாம் வியக்கலாம். ஏட்டலுக்கோ அது மலிவாய்க் கிடைத்த உலோகம், அவ்வளவுதான். பின்னர், பெரிய இயந்திரங்களைச் செய்யும் நிறுவனங்களின் வரைபடங்களைக் கொண்டே சிற்றுருக்கள் அமைந்தன. தொழிற்சாலை 1959இல் டயஸ்வில் என்னும் சிற்றூருக்கு இடம் மாறியது. அங்கே 1986 முதல் பண்ணைச் சிற்றுருக்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. சேர்ப்போரிடையே பதினாறில் ஒரு பங்கு அமெரிக்க வழக்கு; முப்பத்திரண்டில் ஒரு பங்கு ஆங்கில வழக்கு. வாங்கிய பெட்டியைத் திறவாமலே அடுக்கி வைப்போரும் அவர்களுள் உளர். திறவாத பெட்டிக்கு விலை அதிகமாம். அந்த இன்பம் நமக்கு விளங்கவில்லை.

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவையானது. பெர்குசன் உழவுயந்திரத்தை விற்போர் தம்முடன் கொண்டு செல்வதற்காக, அதன் பிளாஸ்டிக் சிற்றுரு ஒன்றைச் செய்யுமாறு 1940களின் இறுதியில் எயார்பிக்ஸ் என்ற நிறுவனத்தைக் கேட்டனர். அதனைக் கையால் பொருத்தி முடிக்கச் செலவு மிகுந்தது. ஆகவே உறுப்புக்களைப் பொருத்தாமலே பெட்டியிலிட்டு, வாங்குவோரே பொருத்தட்டும் என்று கடைகளில் விற்றனர். பிற்காலத்தில் விமானங்களையும் கப்பல்களையும் அவ்வாறே விற்று உலகப் புகழ்பெற்ற அந்நிறுவனத்தின் முதற் பொருத்துப்பெட்டி ஓர் உழவுயந்திரமே! சோம்பலிலும் சிக்கனத்திலும் பிறந்த ஏற்பாடு, பொருத்துங்கால் பொறியின் உள்ளமைப்பைக் கற்கும் வாய்ப்பைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது.

அந்தப் பெர்குசன் மரபில் வந்த மசி பெர்குசன் இயந்திரங்கள் நமக்கும் அந்நியமல்ல. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியபோது, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் காடுகளில் முதன்முறையாகப் பெரும் பொறிகளின் முழக்கம் எழுந்தது. இங்கினியாகலையில் அணை உயர்ந்தது. காடு வயலாகிய பரப்பில் உழவுயந்திரம் இறங்கியது. மெல்ல அது படுவான்கரைக்கும் பரவிற்று. வாவியின் மேற்கே வயல், கிழக்கே எழுவான்கரையில் குடியிருப்பு; இடையிலே தண்ணீர். பாலமில்லாத துறைகளிலே ஆளையும் வண்டியையும் சுமந்து கடந்தது 'பாதை' என்று நாம் அழைக்கும் தெப்பமே. மண்முனைத் துறைக்குப் பாலம் கிடைத்தது 2014இல்.

பெரிய இயந்திரம் வாங்க இயலாதவர்க்கு வந்தது லாண்ட்மாஸ்டர். இரு சில்லும் இரு நீண்ட கைப்பிடியும் உடைய இக்கருவியின் வடிவமைப்பிலே பெரும்பங்கு கொண்டவர் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன (1924–2010). பெயர் அத்தகைய பொறிகள் அனைத்துக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பின்னர் யப்பானிலிருந்து வந்தவற்றையும் நம்மவர் லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர். சேற்றில் உழுதது, பெட்டி பூட்டினால் குடும்பத்தையே கோயிலுக்கு ஏற்றிச் சென்றது. ஆயினும் அதனை ஆக்கியவரே பிற்காலத்தில் வேறு கருத்துக் கொண்டார். நாம் எருமையைத்தான் இயந்திரமாக்கினோமேயன்றி விவசாயத்தை உயர்த்தினோமில்லை. இயந்திரம் பாலும் தராது, எருவும் தராது, கன்றும் ஈனாது என்பது அவர் எண்ணத்தின் சாரம். தாம் செய்த பொறியைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசிய பொறியியலாளர் அரியர்.

நம் பிள்ளைகள் இவற்றைப் பார்த்து வாளாவிருக்கவில்லை. குரும்பட்டியும் ஈர்க்கும் கொண்டு தேர் கட்டிய கைகள், மீன் பேணித் தகரத்தில் உழவுயந்திரமும் செய்தன. தேய்ந்த செருப்பின் றப்பரை வட்டமாய் வெட்டினால் சில்லு. தையல் நூற்கட்டையின் விளிம்பைப் பல்பல்லாக வெட்டி, துளையினுள் றப்பர் வளையம் செலுத்தி, ஒரு முனையில் மெழுகுதிரித் துண்டும் குச்சியும் வைத்து முறுக்கிவிட்டால், அது மணல்மேட்டிலும் தானே ஏறும். இந்நூற்கட்டை இயந்திரத்தை இங்கிலாந்துச் சிறுவரும் அறிவர். கைத்திறம் நம்மிடம் குறைவில்லை. அளவுகோல் மட்டுமே அதனோடு சேரவில்லை.

அளவுகோல் சேராமையால் வரும் இழப்பு யாதெனக் களவெட்டியிலே காணலாம். சூடு மிதித்த எருமைகள் போய், நெற்கதிரின் மேல் உழவுயந்திரம் வட்டமிட்டது. இப்பொழுது வயலிலேயே அறுத்து அடித்துச் சாக்கில் கட்டும் பெரும் பொறி வந்து, களவெட்டியே வேண்டாததாயிற்று. மூன்று கால் நாட்டி, மேலே நின்று காற்றில் நெல்லைத் தூற்றிய அவுரி எங்கே? வைக்கோலைக் கிளறி உதறிய 'வேலைக்காரன்' என்னும் கம்பு எங்கே? நெல்லைப் பொலி என்றே சொல்ல வேண்டும் என்று களத்தில் நம்மைத் திருத்திய பெரியோர் எத்தனை பேர் எஞ்சியுள்ளனர்? 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும், பின் வந்த இடப்பெயர்வுகளும், கொட்டிலில் கிடந்த மரச்சாமான்களில் எவ்வளவோ கொண்டுபோயின. சொற்களைத் தொகுத்தோர் உளர்; பண்டிதர் வி. சீ. கந்தையா அவர்களின் 'மட்டக்களப்புத் தமிழகம்' 1964இல் வெளிவந்தது. சொல் ஏட்டில் நிற்கும். அவுரியின் கால் எவ்வளவு சரிந்து நிற்க வேண்டும், மேலே நிற்பவன் அசைந்தாலும் அது சாயாதிருந்தது எங்ஙனம் என்பதை ஏடு எளிதில் சொல்லாது; ஓரடி உயரச் சிற்றுரு சொல்லும்.

ஆகவே இளைஞர்கள் இப்பொழுதுபோக்கைக் கைக்கொள்ள விரும்பின், அயோவாவின் பச்சை இயந்திரத்தை விலைக்கு வாங்குவதினும், வீட்டுக் கொட்டிலிற் கிடப்பதிலிருந்தே தொடங்கலாம். பதினாறில் ஒரு பங்கு வசதியானது: எட்டடிப் பொருள் அரையடியாகும், ஓரடி முக்கால் அங்குலமாகும். துருப்பிடித்துக் கிடக்கும் லாண்ட்மாஸ்டரும் அளக்கத் தக்கதே. அதுவும் விரைவில் அரும்பொருளாகும். ஆனால் முதலில் மரக்கலப்பை. மேழி, ஏர்க்கால், கொழு, நுகம் ஆகிய நான்கையும் தனித்தனியே அளந்து, வீட்டிலுள்ள மூத்தவரை அருகே இருத்தி, ஒவ்வொன்றையும் அவர் எப்பெயரால் அழைக்கிறார் என்று பக்கத்திலே எழுதுக. என்ன மரம் என்றும் கேட்க. ஏர்க்காலை நுகத்தோடு பிணைத்த கயிறு எந்த இடத்தில் மரத்தைத் தேய்த்திருக்கிறது என்பதையும் தவறாது குறிக்க. பிணைக்கும் இடம் மாறினால் உழவின் ஆழம் மாறும். அத்தேய்வைக் கொண்டே அவ்வீட்டார் தம் வயலை எப்படி உழுதனர் என்பதை மூத்தவர் விளக்கிவிடுவார்.