கூரை ஏன் கடகடக்கிறது?

கூரையைக் கழற்றி மாட்டுற கார்ல தலைக்கு மேல கடகடன்னு சத்தம் வந்தா, எல்லாரும் முதல்ல திட்டுறது கூரையைத்தான். பாவம் அது! செருப்புப் பெட்டியோட மூடியை எடுத்துட்டு இரண்டு முனையையும் பிடிச்சுத் திருகிப் பாருங்க, எப்படி நெளியுதுன்னு. காரிலும் அதே கதைதான். கீழே உடம்பு நெளிகிறது. விறைப்பான கூரை அதோடு உரசுகிறது.

அமெரிக்காவின் செவ்ரோலே கார்வெட் இந்த நெளிவோடு ரொம்ப நாள் மல்லுக்கட்டியது. 1968 மாடலுக்கு ஒரே பலகையாகக் கழலும் கூரைதான் முதலில் திட்டம். உடம்பு முறுக்கிக்கொண்டதால் நடுவில் ஒரு கம்பி போட வேண்டியதாயிற்று. கூரை இரண்டு துண்டானது. அதையே 'டி-டாப்' என்று நாகரிகமாக விற்றார்கள்!

அடுத்த தலைமுறையான 1984 மாடலையும் கம்பியோடுதான் வரைந்தார்கள். வேலை பாதி நடந்த பிறகு மேலிடம் அதை எடுக்கச் சொல்லிவிட்டது. போன விறைப்பை எங்கே தேடுவது? கதவுக்குக் கீழே சட்டத்தை உயர்த்தினார்கள் (ஏறி இறங்குறவங்க முழங்காலைக் கேளுங்க). கூரையை வெறும் கொக்கியில் மாட்டாமல் நான்கு போல்ட் போட்டு முடுக்கினார்கள். கூரையும் கொஞ்சம் பாரம் தாங்க வேண்டுமே. 1986-இல் துணிக்கூரை வண்டி வந்தபோது அடியில் எக்ஸ் வடிவச் சட்டம் சேர்ந்தது. அதற்கு மாட்டும் ஹார்டு டாப் 1989-இல்தான் வந்தது.

ஆகவே 1984 வகை வண்டி கடகடத்தால், ரப்பர் பட்டையை மாற்றும் முன் அந்த நான்கு போல்ட்டையும் பாருங்க. அவை சரியாக இருந்தும் கிறீச்சிட்டால், பட்டையைத் துடைத்து சிலிக்கான் கிரீஸ் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.