திப்புவின் புலி: அசைந்து ஒலிக்கும் ஒரு கலைப்பொருளின் வரலாறு

உயிரற்ற பொருளை அசையச் செய்வதும், வாயில்லாப் பொருளை ஒலிக்கச் செய்வதும் மனிதன் நெடுங்காலமாகக் கொண்டுள்ள வேட்கைகளாம். மதுரை மதிலின்மீது அமைந்திருந்த பலவகைப் பொறிகளைச் சிலப்பதிகாரம் நிரல்படக் கூறும். சீவக சிந்தாமணியிலே, கருவுற்றிருந்த விசயை பகைவர் கைப்படாது தப்பியது மயிற்பொறியிலேறி. பெருங்கதையிலே உதயணன் சிறைப்பட்டதோ பொறியானையின் சூழ்ச்சியால். ஒரு பொறி காத்தது, மற்றொன்று சிறைப்படுத்தியது. பொறியின் பயன் அதனை இயக்குவோர் கருத்தைப் பொறுத்ததே என்பதை நம் புலவர் அன்றே உணர்ந்திருந்தனர்.

காப்பியப் பொறிகளைக் கண்டார் இலர். ஆயின், கண்ணாற் காணவும் காதாற் கேட்கவும் தக்க பொறியொன்று பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மைசூரில் எழுந்தது. ஏறக்குறைய ஐந்தே முக்கால் அடி நீளமுள்ள மரப்புலி அது. மல்லாந்து கிடக்கும் ஐரோப்பியன் ஒருவனின் கழுத்தை அப்புலி கௌவி நிற்கின்றது. புலியின் தோட்புறத்துள்ள கைபிடியைச் சுழற்றினால், உள்ளிருக்கும் துருத்திகள் குழல்களுட் காற்றைச் செலுத்தும். வீழ்ந்தவனின் கை மேலுங் கீழும் அசையும், அவன் ஓலமிடுவான், புலி உறுமும். புலியின் விலாப்புறத்துக் கதவைத் திறந்தால், பதினெட்டுக் கட்டைகள் கொண்ட சிறு இசைக்கருவியொன்றும் உள்ளே தோன்றும். அசைவும் ஒலியும் ஒருங்கே அமைந்த சிற்பங்களை இக்காலத்தார் புதுமையெனப் போற்றுவர். அவற்றின் இயல்புகள் யாவும் இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இம்மரப்புலியிடம் அமைந்திருந்தன.

இதனை வெறும் விளையாட்டுப் பொருளென ஒதுக்குதல் தகாது. 1792 ஆம் ஆண்டு உடன்படிக்கையால் திப்பு சுல்தான் தம் நாட்டிற் பாதியை இழந்தார். தம் மைந்தர் இருவரைக் கோண்வாலிஸ் பிரபுவிடம் பிணையாக அனுப்பவும் நேர்ந்தது. புலியே அவருடைய அரசுச் சின்னம். அரியணையிலும் பீரங்கியிலும் போர்வீரர் உடையிலும் புலியோ புலிவரியோ பொறிக்கப்பட்டிருந்தது. அவ்வாண்டின் இறுதியில், மைசூர்ப் படையுடன் முன்னர்ப் பொருத தளபதி ஹெக்டர் மன்றோவின் மகன் வங்கத்துச் சாகர்த் தீவிற் புலியால் மாண்டான். அச்செய்தியே இப்பொறிக்கு வித்தாயிற்றென்று கருதுவாரும் உளர். எவ்வாறாயினும், களத்தில் இழந்ததைக் கலையில் மீட்க முயன்ற ஓர் அரசனின் உள்ளம் அவ்வுறுமலில் ஒலித்தது.

1799 மே 4 ஆம் நாள் ஸ்ரீரங்கபட்டணம் வீழ்ந்தது; திப்புவும் போரில் மாண்டார். அரண்மனையின் இசைக்கூடத்தில் இப்புலியைக் கண்ட ஆங்கிலேயர் அதனை இலண்டனுக்கு அனுப்பினர். 1808 முதல் கிழக்கிந்தியக் கம்பனியின் மாளிகையில் அது காட்சிக்கு வைக்கப்பட்டது. வந்தவரெல்லாம் கைபிடியைச் சுழற்றி மகிழ்ந்தனர். அங்கே நூல் படிக்க வந்த அறிஞர் அவ்விரைச்சலைப் பொறுக்கமாட்டாது முறையிடுமளவுக்கு அது ஓயாது ஒலித்தது. கவிஞர் கீற்ஸ் தம் செய்யுளொன்றில் அதனை ஓர் அரசனின் விளையாட்டுக் கருவியாக்கி நகையாடினார். ஸ்ரீரங்கபட்டண வெற்றிக்கென வழங்கப்பட்ட பதக்கத்திலோ, சிங்கம் புலியை வீழ்த்துங் காட்சி பொறிக்கப்பட்டிருந்தது.

ஈண்டுச் சிந்திக்கத்தக்கது ஒன்றுண்டு. குழலும் துருத்தியும் மாறவில்லை. ஓலமும் உறுமலும் மாறவில்லை. எனினும் மைசூரில் அறைகூவலாய் ஒலித்தது இலண்டனில் வேடிக்கையாய் முடிந்தது. கைபிடியைச் சுழற்றிய கை மாறியமையே இதற்குக் காரணமாம். இரண்டாம் உலகப் போரிற் கூரை இடிந்து வீழ்ந்தமையால் அப்புலி பல துண்டுகளாய்ச் சிதைந்தது. பின்னர் ஒட்டிச் சீர்செய்யப்பட்டது. விக்ரோறியா அல்பேட் நூதனசாலையின் கண்ணாடிப் பேழையுள் இன்று நிற்கும் அதனைக் காண்போர் தம் விருப்பப்படி ஒலிக்கச் செய்தல் இயலாது.

இக்காலத்துக் கலைஞரும் இத்தகைய பொருள்களை ஆக்குகின்றனர். மும்பையைச் சேர்ந்த ஷில்பா குப்தா அமைத்த இரும்புக் கதவொன்று 2019 ஆம் ஆண்டு வெனிஸ் நகர்க் கண்காட்சியில் இருபுறமும் ஓயாது ஆடிச் சுவரை மோதிச் சிதைத்தது. அப்பேரொலியைக் கேட்டார், காவல் என்பது யாது, எல்லை என்பது யாது என எண்ணுதல் கூடும். வாழுங் கலைஞர் தம் படைப்பின் கருத்தைத் தாமே எடுத்துரைக்க வல்லார். அரசனையும் ஊரையும் இழந்த மரப்புலிக்கு அப்பேறு இல்லை. அதற்காக வரலாற்று மாணவரே பேசுதல் வேண்டும்.

இஃது ஈழத்தவர்க்கும் அயலான செய்தியன்று. 1765 இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைச் சூறையாடியபோது, பொன்னும் வெள்ளியும் மாணிக்கமும் இழைத்த பீரங்கியொன்றைக் கைப்பற்றினர். அம்ஸ்ரர்டாம் நூதனசாலையில் நெடுங்காலம் இருந்த அப்பீரங்கி, 2023 ஆம் ஆண்டின் இறுதியிற் கொழும்பு வந்து சேர்ந்தது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை மாணவர் எளிதிற் சென்று காணுந் தொலைவிலே, கொழும்புத் தேசிய நூதனசாலை அதனை ஏற்றுக்கொண்டது. அது முழங்கப் போவதில்லை. ஆயினும், அதன் முன்னின்று ஓர் ஆசிரியர் தம் மாணவர்க்கு அதன் வரலாற்றைச் சொந்த மொழியில் உரைக்கும்போது, இருநூற்றைம்பது ஆண்டு மௌனம் கலைகின்றது. திப்புவின் புலி அந்நாளை இன்னும் எதிர்நோக்கி நிற்கின்றது.