பந்தய வீரர் செய்த ஸ்பார்க் பிளக்

முதல் உலகப் போருக்கு முன்பு, டப்ளினில் பிறந்த கார்ப் பந்தய வீரர் கெனெல்ம் லீ கின்னஸுக்கு ஒரே தொல்லை. பந்தய என்ஜினின் சூட்டை அன்றைய ஸ்பார்க் பிளக்குகள் தாங்கவில்லை. மைக்காவைக் காப்புப் பொருளாக வைத்து அவரே பிளக் தயாரித்தார். அவர் பெயரின் முதலெழுத்துகளே 'கே.எல்.ஜி.' என்ற பிளக்கின் பெயராயின. 1922-இல் புரூக்லாண்ட்ஸ் தடத்தில் சன்பீம் காரை மணிக்கு 215 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி, உலகத் தரைவேகச் சாதனையும் படைத்தார்.

அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை. டர்போ பொருத்திச் சக்தியைக் கூட்டினால், என்ஜினுக்குள் சூடும் கூடும். அதற்குச் சூட்டை விரைவாக வெளியேற்றும் 'குளிர்' ரகப் பிளக் தேவை. 'சூடான' ரகமோ, பொறி விழும் முன்பே எரிபொருளைப் பற்றவைத்து பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடலாம். அளவுக்கு மீறிய குளிர் ரகத்தில் கரி படிந்து பொறி தடைபடும். நேயர்களே, பிளக்கின் விலையைப் பார்க்கும் முன் என்ஜினின் சூட்டைப் பாருங்கள்.